படம் பிடிப்பது யார்? பிடிபடுவது யார்?

(லப்பைக்குடிக்காட்டில் வாலிபர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இவ்வூர் வாலிபர்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் புகைப்படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் எடுக்கும் படங்களைக் கொண்டே இவ்வூர் மக்களின் கதையைச் சொல்லச் செய்வது என்பதாக ஓர் ஏற்பாடு நடந்து வருகிறது. அதைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டுமென்று என்னை அழைத்தார்கள். நான் பெரிய பள்ளிக்கூடத்துப் படிப்புப் படித்தவன் அல்ல. எனக்குத் தெரிந்ததெல்லாம் நானாகப் படித்ததும், நாலு ஊர் சுற்றிக் கண்டதுமேயாகும். ஆகையால் நான் சொல்லுவதை வேதவாக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு, மற்றதை இந்தப் பந்தலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

எனக்கு முன் பேசிய பெரியவர்கள் மூன்று ஆக்ஷேபணைகள் சொன்னார்கள். மனத்துக்குள் வைத்துப் புழுங்காமல் வெளிப்படையாய்ச் சொன்னதற்காக அவர்களுக்கு நான் நன்றி செலுத்துகிறேன். ஒருவர், ‘இப்போதுதான் எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, தடுக்கி விழுந்தால் படம் எடுக்கிறார்களே, இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?’ என்றார். இன்னொருவர், ‘சாக்கடையையும் சேரியையும் படம் பிடித்து மாட்டி ஊர் மானத்தை வாங்கி விடுவார்கள்’ என்றார். மூன்றாமவர், ‘பெண் பிள்ளைகள் கையில் காமிராவைக் கொடுத்தால் குடும்பம் என்ன ஆகும்?’ என்று கேட்டார். இம்மூன்றுக்கும் பதில் சொல்லுவதுதான் இன்று என் பேச்சு.

காமிரா யார் கையில் இருந்தது?

தோழர்களே! புகைப்பட வித்தை 1839ஆம் ஆண்டு பாரிசில் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டு முடிவதற்குள் 1856இல் சென்னைப் பட்டணத்தில் ஒரு புகைப்படச் சங்கமே ஏற்பட்டு விட்டது. லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி சர்க்கார் செலவில் காமிராவைத் தூக்கிக்கொண்டு 1857, 58 ஆண்டுகளில் நம்முடைய திருச்சிக்கும், தஞ்சைக்கும், மதுரைக்கும் வந்து கோபுரங்களையும் மண்டபங்களையும் படம் பிடித்தார். ஆகவே இந்த வித்தை நம் நாட்டுக்குப் புதிதல்ல. நம் கைக்குத்தான் புதிது.

அந்தக் காலத்தில் நம் மக்களையும் படம் பிடித்தார்கள். எப்படிப் பிடித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். 1868 முதல் 1875 வரையில், இந்திய மக்கள் என்ற தலைப்பில் சர்க்கார் ஆதரவில் எட்டுப் பாகங்கள் அச்சிட்டார்கள். மாட்டுச் சந்தையில் இன்ன ஜாதி மாடு, இன்ன ஜாதி எருமை என்று பிரித்துக் கட்டுவதுபோல மக்களை ஜாதி ஜாதியாய், கூட்டம் கூட்டமாய் நிறுத்தியிருக்கிறார்கள். பிறகு சென்னைக் காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்பவர், ரங்காச்சாரி என்பவருடைய துணையோடு, 1909இல் தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி ஏழு பாகங்கள் வெளியிட்டார். அவர் மனிதருடைய மண்டையை அளந்தார், மூக்கை அளந்தார், படமும் பிடித்தார். அப்படங்களின் அடியில் பெரும்பாலும் ஜாதியின் பெயர்தான் இருக்கும். நிற்கிற மனிதனுக்கு அவன் தாய் வைத்த பெயர் இருக்காது.

1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியில் கொடிய பஞ்சம் வந்தபோது ஹூப்பர் என்னும் ராணுவ அதிகாரி, பட்டினியால் எலும்பும் தோலுமாய்ப் போன நம் ஜனங்களை வரிசையாய் உட்கார வைத்துப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் இன்றும் உலகம் சுற்றுகின்றன. பார்த்தால் வயிறு எரிகிறது. ஆனால் அவர்களில் ஒருவராவது தம் கதையைத் தம் வாயால் சொன்னதாக அந்தப் படங்களில் எங்கேயும் இல்லை. சாகப் போகிறவனை உலகத்துக்குக் காட்டியவர்கள், அவன் என்ன சொல்லுகிறான் என்று கேட்கவில்லை.

நிற்க, வெள்ளைக்காரனைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது. 1894இல் ரவிவர்மா பம்பாயில் படம் அச்சடிக்கும் யந்திரசாலையை ஏற்படுத்தினார். அதன் பிறகு, யாரும் கண்ணால் கண்டிராத சாமிகளுக்கெல்லாம் முகம் வந்தது, நகை வந்தது, பட்டுப்புடவை வந்தது. சில அணாவுக்கு அவை வீட்டுக்கு வீடு சுவரில் ஏறின. என் பாட்டன் வீட்டில் லட்சுமி படம் ஒன்றும் முருகன் படம் ஒன்றும் மாட்டியிருந்தன. ஐம்பது ஆண்டுகள் ஏர் பிடித்த என் பாட்டனுக்கு ஒரு படம் கிடையாது. நம் ஏழை மக்களில் எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் எடுத்த முதல் படம், செத்த பிறகு நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைக் கட்டி, மாலையைப் போட்டு எடுத்த படந்தான். உயிரோடு உழைத்தவனை ஒருவரும் படம் பிடிக்கத் தகுந்தவனாக நினைக்கவில்லை. இதில் சூழ்ச்சி ஒரு பங்கு, வறுமை ஒரு பங்கு, ‘நமக்கெதற்குப் படம்’ என்று நாமே நினைத்த தாழ்வு புத்தி ஒரு பங்கு.

போன் இருந்தால் போதுமா?

இப்போது முதல் ஆக்ஷேபணைக்கு வருகிறேன். போன் எல்லோரிடமும் இருக்கிறது என்பது வாஸ்தவமே. பேனா இருக்கிறவனெல்லாம் மனு எழுதத் தெரிந்தவனா?

இவ்வூரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளாற்றங்கரை ஊர். பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர்களின் ஊர். அரபு நாட்டிலிருந்து அத்தாவின் படம் வருகிறது. அதில் அவர் பளபளப்பான ஒரு காரின் மேல் சாய்ந்து நிற்கிறார். கார் யாருடையது? வழியில் நின்ற எவனோ ஒருவனுடையது. ஓர் அறையில் எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் படுத்துக்கொள்வதையோ, வெயிலில் வெடித்த பாதத்தையோ அவர் படம் எடுத்து அனுப்புவதில்லை. இங்கிருந்து போகிற படத்திலோ புதுச் சட்டையும், பெருநாள் பிரியாணியும், சிரித்த முகமுமாய் இருக்கும். அடகுக் கடை ரசீதும், ஆறாத புண்ணோடு படுத்திருக்கும் கிழவியின் காலும் அந்தப் படத்தில் வருவதில்லை. இரண்டு பக்கமும் அன்பினால்தான் மறைக்கிறார்கள். அதை நான் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் காரைப் பார்த்துவிட்டுத் தம்பிக்காரன் படிப்பை நிறுத்துகிறான். நிலத்தை விற்று ஏஜெண்டுக்குப் பணம் கட்டுகிறான். போன பிறகுதான் அவனுக்குக் காரும் தெரிகிறது, கட்டிலும் தெரிகிறது. பிறகு அவனும் ஒரு காரின் மேல் சாய்ந்து நிற்கிறான்!

தினமும் நூறு படம் எடுக்கிறோம். இருந்தும் ஒரு வீட்டின் நிஜம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரவில்லை. ஆகவே பொத்தானை அமுக்குவது வேறு. எதைக் காட்டுவது, எதை விடுவது, ஏன் விடுகிறோம் என்று யோசித்து எடுப்பது வேறு. பின்னதற்குத்தான் வகுப்பு வேண்டும்.

ஓர் ஆணியின் கதை

தோழர்களே! தென்னமெரிக்காவில் பெரு என்று ஒரு தேசம். 1973இல் அங்கே ஏழை மக்களுக்கு எழுத்தறிவு உண்டாக்க ஓர் இயக்கம் நடந்தது. அதில் வேலை செய்த அகஸ்டோ போவால் என்னும் பிரேசில் நாட்டு நாடகக்காரர் இதை எழுதி வைத்திருக்கிறார். ஏழை மக்கள் கையில் காமிராவைக் கொடுத்து, கேள்வி கேட்டு, வாயால் பதில் சொல்லாமல் படத்தால் பதில் சொல்லச் சொன்னார்கள். ‘சுரண்டல் என்றால் என்ன?’ என்பது ஒரு கேள்வி. ஒரு சிறுவன் கொண்டு வந்த படத்தில் ஒரு சுவர். அதில் ஓர் ஆணி. அவ்வளவுதான்! பெரியவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்றப் பையன்களோ ஆமாம் ஆமாம் என்று தலையசைத்தார்கள். விசாரித்ததில் சங்கதி வெளிவந்தது. அப்பையன்களில் பலர் செருப்புத் துடைத்துப் பிழைப்பவர்கள். வீடு ஓரிடத்தில் இருக்கிறது, வேலையோ நகரத்தில். கனமான பெட்டியைத் தினமும் தூக்கிக்கொண்டு போய்வர முடியாமல், நகரத்துக் கடைச் சுவரில் ஓர் ஆணியை வாடகைக்கு எடுத்து அதில் பெட்டியை மாட்டிவிட்டுப் போவார்கள். ஓர் ஆணிக்கு வாடகை! அந்தப் பையனுக்குச் சுரண்டல் என்பது அந்த ஆணிதான்.

பட்டணத்திலிருந்து வருகிற பெரிய பத்திரிகைக்காரன் இந்த ஆணியைக் கண்டிருப்பானா? பையனுடைய கந்தல் சட்டையைக் கண்டிருப்பான், அழுக்கு முகத்தைக் கண்டிருப்பான், பரிதாபமாய் ஒரு படம் பிடித்திருப்பான். ஆணியைக் காண அந்தப் பையனால்தான் முடியும். அதனால்தான் ஊர்ப் பிள்ளைகள் கையில் காமிரா வேண்டுமென்கிறேன்.

லப்பைக்குடிக்காட்டின் ஆணி எது? எனக்குத் தெரியாது. நான் வெளியூரான். உங்கள் வீட்டுப் பெண் பிள்ளைக்குத் தெரியும். ஆற்றங்கரைத் தெருவில் இருக்கிறவனுக்குத் தெரியும். தெருக் கூட்டுகிறவர் மகனுக்குத் தெரியும்.

இதனால் என்ன பலன் என்று கேட்பீர்கள். சீன தேசத்தில் யுன்னான் மாகாணத்தில் 1990களின் தொடக்கத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இரண்டு பெண்மணிகள் 62 கிராமப் பெண்களுக்குக் காமிரா கொடுத்துப் பயிற்சி அளித்தார்கள். அப்பெண்கள் தங்கள் வயலையும், தண்ணீர் சுமையையும், கவனிக்க ஆளில்லாமல் கிடக்கும் குழந்தைகளையும் படம் எடுத்தார்கள். எடுத்ததோடு நிற்காமல் அந்தப் படங்களை அதிகாரிகள் முன் வைத்துத் தாங்களே விளக்கம் சொன்னார்கள். அதன் பயனாகக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஏற்பாடு, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி, பெண் பிள்ளைகளுக்குப் படிப்புதவி முதலியவற்றில் சர்க்கார் கவனம் திரும்பியது. எழுத்து வாசனை குறைந்த பெண்ணின் பேச்சை அதிகாரி காதில் வாங்க மாட்டான். படத்தை வைத்துக்கொண்டு அவள் பேசினால் ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்று தட்டிக்கழிப்பது அவனுக்குக் கஷ்டமாகிவிடுகிறது.

நம் தேசத்திலும் நடந்திருக்கிறது. வெண்டி இவால்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1989இல் குஜராத்தில் விச்சியா என்ற கிராமத்தில் தங்கிப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்பித்தார். அப்பிள்ளைகள் எடுத்த படங்களும் சொன்ன சேதிகளும் 1996இல் ஒரு கிராமத்தின் கதையாகப் புத்தகமாய் வந்தன. அதே குஜராத்தில் அகமதாபாத்தில் சேவா என்ற உழைக்கும் பெண்களின் சங்கம் 1984இலேயே காய்கறி விற்கும் பெண்கள் முதலியவர்களுக்குச் சலனப்படக் காமிராவைப் பழக்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

நம் தமிழ்நாட்டில் மதுரைக்குப் பக்கத்து ஜவகர்லால்புரத்துக்காரர், மீன் விற்ற ஒரு தாயின் மகன், தோழர் பழனிக்குமார் இருக்கிறார். மலம் அள்ளும் கொடுமையைப் பற்றி 2017இல் வெளியான ‘கக்கூஸ்’ என்னும் ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர். அந்தப் படத்தைத் திரையிடப் போன இடங்களில் போலீசார் தடுத்தார்கள் என்றால், அதன் வேகத்தை நீங்களே அறிந்துகொள்ளலாம். பாரி என்னும் கிராமப்புறச் செய்தி நிறுவனத்தில் புகைப்படக்காரராய் இருக்கும் அவருக்கு 2022இல் தயானிதா சிங் பேரால் ஏற்பட்ட பரிசும் கிடைத்தது. பரிசு வாங்கியதோடு அவர் ஓயவில்லை. தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் காமிராவைக் கையில் கொடுத்துக் கற்பித்து வருகிறார். தர்ஸ்டன் காலத்தில் மூக்கை அளக்கக் கொடுத்து நின்ற கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் இப்போது காமிராவின் பின்பக்கம் வந்து நிற்கிறார்கள் என்றால், அது சாமானியமான காரியமா?

படமும் பொய் சொல்லும்

வாலிபர்களே! இனி நான் சொல்லப்போவது உங்களுக்கு. காமிரா கைக்கு வந்தவுடன் உண்மையே கைக்கு வந்துவிட்டதென்று எண்ணிவிடாதீர்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் கிழவிகள் சொல்லுகிறார்கள். அவர்கள் சொன்ன பல வார்த்தைகளை நான் ஒப்புக்கொள்ளுவதில்லை. இதை ஒப்புக்கொள்ளுகிறேன்.

இங்கிலாந்தில் காட்டிங்லி என்ற ஊரில் 1917இல் 16 வயதும் 9 வயதும் உள்ள இரண்டு பெண்கள் தோட்டத்தில் தேவதைகளைக் கண்டதாகச் சொல்லிப் படமும் எடுத்துக் காட்டினார்கள். துப்பறியும் கதை எழுதிப் பேர் பெற்ற கோனன் டாயில் அதை நம்பி 1920இல் பத்திரிகையில் எழுதினார். கதையில் எப்பேர்ப்பட்ட கள்ளனையும் கண்டுபிடித்தவர், இரண்டு சிறுமிகளிடம் ஏமாந்தார்! காகிதத்தில் வரைந்து வெட்டி, ஊசியால் குத்தி நிறுத்தியதென்பதை அவர்கள் கிழவிகளான பிறகு 1983இல்தான் ஒப்புக்கொண்டார்கள். நம்ப ஆசைப்படுகிறவனுக்கு எந்தப் படமும் அத்தாட்சியாகிவிடுகிறது.

அது வேடிக்கை. உயிரைக் குடித்த சங்கதி ஒன்று சொல்லுகிறேன். 2018 மே மாதம், திருவண்ணாமலை ஜில்லா போளூருக்குப் பக்கத்தில், குலதெய்வம் கும்பிட வந்த குடும்பத்தில் 65 வயதான ஓர் அம்மாள் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். குழந்தை கடத்துகிறவள் என்று சொல்லி ஊரார் கூடி அடித்தே கொன்றுவிட்டார்கள். ஏன் அப்படி நினைத்தார்கள்? குழந்தை கடத்துகிற கூட்டம் வந்திருப்பதாகப் போனுக்குப் போன் சேதி பரவியிருந்தது. அந்த நாளில் இந்தியா முழுவதும் சுற்றிய சலனப்படங்களில் ஒன்று, கராச்சியில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுத்த விளம்பரப் படம். ‘இது விளம்பரம்’ என்று காட்டுகிற கடைசித் துண்டை எவனோ வெட்டி எறிந்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிப் போகிற துண்டை மட்டும் அனுப்பினான். வெட்டிய துண்டிலே இருந்தது உண்மை. அனுப்பிய துண்டிலே இருந்தது கொலை.

இப்போதோ வெட்டக்கூட வேண்டியதில்லை. கணினிக்கு நாலு வார்த்தை சொன்னால், நடக்காத காரியத்துக்கு நடந்ததுபோலவே படம் செய்து கொடுக்கிறது. பல மதத்தவரும் பல ஜாதியாரும் அடுத்தடுத்து வாழ்கிற நம் ஊர்களில், எங்கோ என்றோ நடந்த அடிதடிப் படத்தை ‘நேற்று பக்கத்து ஊரில்’ என்று எழுதி ஒருவன் அனுப்பினால் போதும். மாலைக்குள் கடை அடைப்பு, இரவுக்குள் கல்வீச்சு. அப்போது ஊரைக் காப்பாற்றப் போகிறவன் யார்? ‘இந்தப் படம் எங்கே எடுத்தது? எப்போது எடுத்தது? கட்டத்துக்கு வெளியே என்ன இருந்தது?’ என்று கேட்கப் பழகின பிள்ளைதான். படம் எடுக்கக் கற்றவனுக்குத்தான் படம் எப்படிப் பொய் சொல்லும் என்பதும் தெரியும்.

எப்படிக் கற்பது?

வகுப்பு நடத்தப் போகிற தோழர்களுக்கு என் யோசனைகளைச் சொல்லுகிறேன்.

முதல் வாரம் காமிராவைத் தொடாதீர்கள். ஒரு தெருவில் காலை, பகல், மாலை மூன்று வேளையும் நின்று பார்த்து, கண்டதை ஒரு நோட்டில் எழுதுங்கள். யார் முதலில் எழுந்திருக்கிறார்கள், யார் தண்ணீர் சுமக்கிறார்கள், யார் திண்ணையில் உட்காருகிறார்கள், யார் செருப்பைக் கழற்றிக்கொண்டு நடக்கிறார்கள் என்று பாருங்கள்.

பிறகு ஒரு சங்கதியை மூன்று படமாய் எடுக்கப் பழகுங்கள். தூரத்திலிருந்து ஒன்று: இடம் தெரிய. நடுவிலிருந்து ஒன்று: ஆளும் வேலையும் தெரிய. கிட்டே இருந்து ஒன்று: கை, கருவி, காயம் தெரிய.

அளவு தெரியும்படி எடுங்கள். இதே பெரம்பலூர் ஜில்லாவில் சாத்தனூரில் கல்லாய்ப் போன அடிமரம் ஒன்று கிடக்கிறது. ஏறக்குறைய 18 மீட்டர் நீளம். எம். எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியல் அறிஞர் 1940இல் அதைப் பற்றி வெளியுலகுக்கு அறிவித்தார். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் கடல் ஏறியிருந்தது என்பதற்குச் சாட்சியாய் இருப்பது அது. நிலவியல்காரர்கள் பாறையைப் படம் பிடிக்கும்போது பக்கத்தில் ஒரு சுத்தியலை வைத்து எடுப்பார்கள். எதற்காக? பார்க்கிறவன் பாறையின் அளவைத் தப்பாய் நினைக்கக் கூடாது என்பதற்காக. நீங்களும் ஆற்று மணலில் தோண்டின பள்ளத்தைக் காட்டினால் ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டுங்கள். ‘பெரிய பள்ளம்’ என்று வாயால் சொல்லாதீர்கள்.

படத்தின் கீழே எழுதுங்கள்: யார், எங்கே, எந்தத் தேதி, என்ன நடக்கிறது, அதைப் பற்றி அவர் என்ன சொல்லுகிறார். ஜாதிப் பெயர் எழுதாதீர்கள். ஆளின் பெயரை எழுதுங்கள், அவர் சம்மதித்தால். பெரிய காரியம் ஒன்று நடந்து பெயர் சொன்னால் அவருக்கு ஆபத்து வரும் என்றால் பெயரையும் முகத்தையும் விட்டுவிடுங்கள்.

வாரம் ஒரு நாள் எல்லோரும் வட்டமாய் உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து கேள்விகள் கேளுங்கள். இதில் என்ன தெரிகிறது? நிஜமாய் என்ன நடக்கிறது? நம் வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இது ஏன் இப்படி இருக்கிறது? இதற்கு நாம் என்ன செய்யலாம்? யுன்னான் பெண்களோடு வேலை செய்தவர்கள் கையாண்ட முறை இதுதான். நாலாவது கேள்விக்கு ‘தலைவிதி’ என்று எவனாவது பதில் சொன்னால், அவனை மறுபடியும் முதல் வாரத்துக்கு அனுப்புங்கள்!

கற்றுக்கொடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்கத்தாவில் தாசித் தொழில் நடக்கும் தெருவிலுள்ள பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்பித்த கதை 2004இல் ஆவணப்படமாய் வந்து, 2005இல் ஆஸ்கார் பரிசும் பெற்றது. பிள்ளைகள் எடுத்த படங்கள் அருமையானவை. ஆனால் அந்தத் தெருப் பெண்களுக்காகப் பாடுபட்டவர்கள், தாய்மார்களைக் கல்நெஞ்சக்காரிகளாகவும், வெளியிலிருந்து வந்தவரையே ரட்சகராகவும் காட்டிவிட்டார்கள் என்று குறை சொன்னார்கள். ஆகவே ஏழைப் பிள்ளையைக் கைதூக்கி விடுவதாய்ச் சொல்லி அவன் தாயைக் கீழே தள்ளாதீர்கள்.

ஊர் மானம்

இரண்டாவது ஆக்ஷேபணைக்கு வருகிறேன். சாக்கடையைப் படம் எடுத்தால் ஊர் மானம் போய்விடும் என்கிறார்கள். பெரியோர்களே! சாக்கடை தெருவில் ஓடும்போது போகாத மானம், சுவரில் மாட்டும்போது மட்டும் எப்படிப் போகும்? கையால் மலம் அள்ளச் செய்வது குற்றம் என்று 1993இலும் 2013இலும் சட்டம் செய்த பிறகும் ஒரு மனிதன் குழிக்குள் இறங்குகிறான் என்றால், மானம் அங்கேதான் போகிறது. டீக்கடையில் ஒருவனுக்கு ஒரு குவளை, மற்றவனுக்கு வேறு குவளை என்று எந்த ஊரில் வைத்திருந்தாலும் அந்த ஊரின் மானம் அந்தக் குவளையில்தான் போகிறது. படம் எடுத்தவன் அதைத் திருடிக்கொண்டு போகவில்லை. இருக்கிற இடத்தைத்தான் காட்டுகிறான்.

மேலும், ஊர் மானம் என்று சொல்லுகிறபோது அந்த ஊர் என்பது யார்? பெரிய தெருவில் மாடி வீடு கட்டியவர்கள் மட்டுந்தானா? தெரு கூட்டுகிறவரும், பீடி சுற்றுகிறவரும், களை எடுக்கிறவரும் ஊரில் சேர்த்தியில்லையா? அவர்களுடைய கஷ்டத்தை மறைத்துக் காப்பாற்றுகிற மானம் ஊருடையதல்ல.

ஆனால் வாலிபர்களே, ஒன்று சொல்லுகிறேன். சேரிக்குள் நுழைந்து அழுகிற கிழவியைத் தேடாதீர்கள். சேரிப் பிள்ளை வகுப்பில் இருக்க வேண்டும். அவன் தெருவை அவன் எடுக்கட்டும். நீங்கள் உங்கள் தெருவை எடுங்கள். பெரிய தெருவின் கொல்லைப்புறத்தையும் எடுக்கத் துணிந்தால்தான் உங்கள் படம் நியாயமான படம். எடுத்த படங்களைப் பட்டணத்துக்கு அனுப்புவதற்கு முன் இவ்வூர்த் தெருக்களிலேயே கயிறு கட்டிக் கிளிப்பு மாட்டித் தொங்கவிடுங்கள். படத்தில் இருக்கிறவர் வந்து பார்த்து, ‘இது சரி, இது தப்பு’ என்று சொல்லட்டும். வேண்டாமென்று ஒருவர் சொன்னால் கழற்றிவிடுங்கள். அவருக்கு ஒரு படம் அச்சுப் போட்டு வீட்டில் கொடுங்கள். நம் மக்களில் எத்தனையோ பேருக்கு உயிரோடிருக்கும்போது கிடைக்கிற முதல் படமாக அது இருக்கலாம்.

பெண் பிள்ளைகள்

மூன்றாவது ஆக்ஷேபணை. மார்க்கத்தில் உருவப்படம் ஆகாது என்று சொல்லும் முஸ்லிம் சகோதரர்கள் சிலர் உண்டு. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று சொல்லும் இந்துச் சகோதரர்கள் சிலர் உண்டு. முன்னவர் ஹஜ்ஜுக்குப் போகவும் பாஸ்போர்ட்டில் படம் வேண்டியிருக்கிறது. பின்னவர் ரேஷன் அட்டைக்கும், வாக்காளர் அட்டைக்கும், ஆதாருக்கும் எத்தனை முறை படம் கொடுத்தும் ஆயுசு குறைந்தபாடில்லை. ஆகையால் இந்த வாதத்தில் நான் அதிக நேரம் செலவிட விரும்பவில்லை. மார்க்கம் அறிந்தவர்களுக்குள்ளேயே இதில் அபிப்பிராய பேதம் உண்டு. அதை அவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

வாஸ்தவமான பயம் வேறு. பெண்ணின் படத்தை எவனாவது எடுத்து, திருத்தி, பரப்பி, குடும்பத்தை மிரட்டுவான் என்ற பயம் அது. அது நியாயமான பயமே. ஆனால் தாய்மார்களே, அந்தக் காரியத்தைச் செய்கிற காமிரா இப்போது யார் கையில் இருக்கிறது? ஆண் பிள்ளை கையில். பெண்ணுக்குக் காமிராவை மறுத்ததால் அந்த ஆபத்து ஒரு கடுகளவாவது குறைந்ததா? எடுக்கிறவன் எப்போதும் ஆண், எடுக்கப்படுகிறவள் எப்போதும் பெண் என்று வைத்திருக்கிற வரையில் பயமும் அவள் பங்கிலேயே இருக்கும். அவள் காமிராவைக் கற்றால் அதன் தந்திரமும் கற்பாள். திருத்திய படத்தைக் கண்டுபிடிப்பாள். சம்மதமில்லாமல் அந்தரங்கப் படம் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை தண்டிக்கத்தக்க குற்றம் என்பதையும் தெரிந்துகொள்வாள். மிரட்டுகிறவனைக் கண்டு கிணற்றைத் தேடாமல் போலீஸ் ஸ்டேஷனைத் தேடுவாள்.

அன்றியும், பெண்கள் எடுத்தால்தான் வெளிவரும் கதைகள் இவ்வூரில் இருக்கின்றன. புருஷன் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வந்து போகும் வீட்டில், மாமியார் நோயும், பிள்ளை படிப்பும், பாங்கிக் கணக்கும், வீடு கட்டும் வேலையும் ஒரு பெண்ணே நடத்துகிறாள். கொத்தனாரோடு கணக்குப் பேசுகிறவள் அவள். வீட்டுக்குப் பெயர் மட்டும் அவர் பெயர்! அந்தப் பெண்ணின் ஒரு நாளை எந்த ஆண் காமிராக்காரன் போய் எடுக்க முடியும்? அவள் மகள் எடுக்கலாம். ஆகவே வகுப்பில் பாதிப் பேராவது பெண் பிள்ளைகளாய் இருக்க வேண்டும். பாதியில்லாமல் வகுப்பு நடத்துவதாயிருந்தால் அது ஊரின் கதையாகாது.

தோழர்களே! நான் கேட்டுக்கொள்ளுவது இவ்வளவுதான். பெற்றோர்கள் வாரத்தில் ஒரு மாலை பிள்ளைகளை, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, அனுப்புங்கள். பேரூராட்சியார் படங்களை மாட்ட ஒரு சுவர் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து, அடுக்குக் கட்டிலைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வாலிபர்கள் முதல் வாரத்து நோட்டுப் புத்தகத்தை நாளைக்கே வாங்குங்கள்; அதற்குப் பத்து இருபது ரூபாய்க்கு மேல் ஆகாது. அடுத்த முறை நான் வரும்போது சொற்பொழிவு வேண்டாம். தெருவில் கயிற்றில் தொங்குகிற படங்களைக் காட்டி, ‘இதுதான் எங்கள் ஊரின் ஆணி’ என்று நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்.